ஊர் கூடி மன்னித்தது

கில்மோரன் பாலத்துச் சண்டையின் நூறாவது ஆண்டு விழா நூற்றோராவது ஆண்டில் நடந்தது. கொள்ளைநோய் வந்து நாட்டையே வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தபோது நூறு வந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நினைவுக்கல்லில் மட்டும் ‘நூற்றாண்டு நினைவாக’ என்று முன்கூட்டியே வெட்டியாகிவிட்டது. கல்லைத் திருத்துவதைவிடக் காலண்டரைத் திருத்துவது சுலபம் என்று கில்மோரன் வட்டார வரலாற்றுக் கழகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்தக் கழகம் எதையும் ஏகமனதாகத்தான் தீர்மானிக்கும். தலைவர் ஃபிளானன் ஹோனன், ஓய்வுபெற்ற பள்ளி மாஸ்டர். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர், மறந்தால் அடித்தவர். அவர் கையைத் தூக்கச் சொன்னால் இன்றைக்கும் தூக்கிவிடுவார்கள்.

சண்டை என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். ஐரிஷ் விடுதலைப் போர் நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று மார்ச்சில் கேப்டன் மர்ட்டி ஹோனன், அதாவது மாஸ்டரின் தாத்தா, உள்ளூர்ப் பையன்களைக் கூட்டிக்கொண்டு பாலத்துக் கற்சுவருக்குப் பின்னால் மழையில் படுத்துக் கிடந்தார். ஆங்கிலேயப் பட்டாளத்து லாரிகள் கிழக்கிலிருந்து வரவேண்டும். அவை மேற்கிலிருந்து, முதுகுப் பக்கமாக வந்தன. இரண்டு பையன்கள் அங்கேயே செத்தார்கள். மற்றவர்கள் ஆற்றைத் தாண்டி ஓடினார்கள். தலைவன் என்பவன் எப்போதும் முன்னால் போகவேண்டும். கேப்டனும் முன்னால்தான் ஓடினார்.

தோற்றதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். செனன் கான்சிடைன் என்ற இளைஞன் தினமும் ஆங்கிலேய அரசின் போலீஸ் பாரக்ஸுக்குப் பால் ஊற்றி வந்தான். போதாதா? சில நாள் கழித்து அவன் சதுப்புநிலப் பாதையில், நெஞ்சில் ஓர் அட்டையோடு கிடந்தான். ‘காட்டிக்கொடுத்தவன்’ என்று அட்டையில் எழுதியிருந்தது.

கேப்டன் மர்ட்டி பிறகு ஐம்பது வருஷம் போல உயிரோடு இருந்தார். அரசாங்கப் பென்ஷன் வாங்கினார். ஊர்க் கால்பந்து மைதானத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். செனனுக்குக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில், பெயர் வெட்டாத ஒரு குழி கிடைத்தது.

செனனின் தம்பி மகள்தான் நூலா. அறுபத்தேழு வயது. மருந்துக் கடை கவுண்டரில் முப்பது வருஷம் நின்றவள். ஊரில் யாருக்கு எங்கே என்ன அரிக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், வாயைத் திறக்கமாட்டாள். தம்பி மிக்கோவோடு பழைய பண்ணை வீட்டில் இருந்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. காரணத்தை ஊர் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. கில்மோரன் மக்கள் கான்சிடைன் வீட்டாரிடம் எப்போதும் அன்பாகத்தான் இருந்தார்கள், தீராத வியாதிக்காரர்களிடம் இருப்பதைப் போல.

மாஸ்டரின் அப்பாவும் மாஸ்டர்தான். அவர் காலத்தில் ஒவ்வொரு மார்ச்சிலும் பள்ளிக்கூட மைதானத்தில் பாலத்துச் சண்டையை நாடகம் போடுவார்கள். கேப்டனாக நடிக்கப் பையன்களுக்குள் அடிதடி நடக்கும். காட்டிக்கொடுத்தவன் வேஷத்துக்குப் போட்டியே கிடையாது. மிக்கோ நான்காம் வகுப்பு வந்ததிலிருந்து அது மிக்கோவுக்குத்தான். ‘ரத்தத்தில் இருக்கிறது, நன்றாக வரும்’ என்பார் பெரிய மாஸ்டர். அவனைக் கோல் கம்பத்தில் கட்டி, நெஞ்சில் அட்டை மாட்டிச் சுடுவார்கள். ஒரு தடவை பயத்தில் அவன் கால்சட்டை நனைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நூலாவும் தட்டினாள், தட்டாவிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வருஷம் கிழட்டுக் கேப்டனே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து போய்விட்டார். மூத்திரக் கோளாறு என்றார்கள்.

நூலாவுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘செனன் சொல்லவில்லை.’ அவ்வளவுதான். சிலை வேண்டாம், தெருவுக்குப் பெயர் வேண்டாம். அந்த வாரம் முழுக்கச் செனன் காய்ச்சலில் படுத்திருந்தான், பாரக்ஸுக்குப் பால் கொண்டு போனது அக்கம்பக்கத்து ஆள் என்று அவள் அப்பா சாகும் முன்னால் சொல்லியிருந்தார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. அண்ணனோடு ஒரே கட்டிலில் படுத்தவர். இதை அவள் கொள்ளைநோய்க்கு முன்னாலேயே ஒருநாள், ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து மாஸ்டரை மடக்கிச் சொன்னாள். மாஸ்டர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டார். “சுவாரசியமா இருக்கு நூலா. ரொம்ப சுவாரசியமா இருக்கு” என்றார். பிறகு மழை வரும்போல இருக்கிறது என்றார்.

ஆகவே கழகச் செயலாளர் கொரெட்டி லில்லிஸ் ஒருநாள் கையில் கேக்கோடு வாசலில் வந்து நின்றபோது நூலா கதவை அகலத் திறந்துவிட்டாள். அந்த வீட்டுக்குக் கேக் வந்ததே இல்லை.

“நூலா தங்கம், சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டரோட சொற்பொழிவு, நம்ம சர்ச்சு பங்கு மண்டபத்துல. மறுநாள் பாலத்துல கல்லு திறப்பு. நீ கட்டாயம் வரணும்.”

“நான் எதுக்கு கொரெட்டி? நான் வந்தா உங்களுக்கெல்லாம் டீ இறங்காதே.”

“ஐயோ, என்ன பேச்சு இது! சும்மா வரச் சொல்லல. நன்றியுரை நீதான் சொல்லணும். மேடையில.”

அடுப்படியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த மிக்கோ தலையைத் தூக்கினான். “நன்றியா? எதுக்கு, குண்டு வீணாக்காம ஒண்ணுலயே முடிச்சதுக்கா?”

கொரெட்டி அது காதில் விழாத மாதிரி சிரித்தாள். “இந்தத் தடவை அரசாங்கமே சொல்லியிருக்கு, எல்லாரையும் சேர்த்துக்கணும், யார் மனசும் நோகக் கூடாதுன்னு. கவுன்சிலர் வேற வர்றார். மாஸ்டர் ராப்பகலா உட்கார்ந்து எழுதறார். என்கிட்ட அவர் வாயாலயே சொன்னார், ‘கொரெட்டி, நூறு வருஷமாச்சு, செனன் விஷயத்தை இந்தத் தடவை நேராக்கிடணும்’னு.”

“நேராக்கிடணும்னா சொன்னார்?”

“அதே வார்த்தை.”

கொரெட்டி போன பிறகு மிக்கோ கேக்கை நாய்க்குப் போட்டான். “போகாத நூலா. ஹோனன் வீட்டு ஆளுங்க நேராக்கினா அது கோல் கம்பத்துல கட்டித்தான் நேராக்குவாங்க.”

“அவரே சொல்லியிருக்கார்டா.”

“அவர் இருபது வருஷமா ‘சுருக்கமா ரெண்டு வார்த்தை’ன்னும்தான் சொல்றார்.”

அவள் போய்த் தலைமுடியைச் சீராக்கிக்கொண்டு வந்தாள். சாம்பல் நிறத்தில் புதுக் கோட்டு வாங்கினாள். நன்றியுரையைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ‘எங்கள் குடும்பம் நூறு வருஷம் காத்திருந்த வார்த்தையை இன்று மாஸ்டர் சொன்னார்’ என்ற இடம் வரும்போதெல்லாம் குரல் உடைந்தது. உடையாமல் வரும்வரை மறுபடி மறுபடி சொன்னாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. கில்மோரனில் வரலாற்றுச் சொற்பொழிவுக்குக் கூட்டம் சேர்வது சரித்திரத்தின் மேலுள்ள பற்றால்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தங்கள் தாத்தா பெயர் வருகிறதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். வந்துவிட்டால் அப்புறம் முட்டை சாண்ட்விச். கடைசி வரிசையில் பேக்கி மெலிகன் கிழவர் தன் வழக்கமான இடத்தில் இருந்தார். எந்தத் தீர்மானம் வந்தாலும் வழிமொழிவது அவர் பொறுப்பு. காது கேட்காது, கை தட்டுவது நின்றதும் கையைத் தூக்குவார்.

நூலாவை மேடையில், கவுன்சிலருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வருஷம் தேர்தல்.

மாஸ்டர் எழுந்து முதலில் ஐரிஷ் மொழியில் இரண்டு வாக்கியம் பேசினார். மண்டபத்தில் யாருக்கும் புரியாது. எல்லோரும் பூசையில் போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஆங்கிலத்துக்கு இறங்கி வந்து, தன் தாத்தாவைப் பாலத்துச் சுவருக்குப் பின்னால் படுக்க வைத்தார். திரையில் கேப்டனின் படம் வந்தது, தொப்பியோடு, தொப்பியில்லாமல், குதிரை மேல். குதிரை அவருடையது அல்ல. மழை பெய்தது, லாரிகள் வந்தன, ‘போர்த்தந்திரம் கருதிய பின்வாங்கல்’ நடந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் கேப்டன் ஆற்றைத் தாண்டியபாடில்லை. நூலா மடியில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கடைசியில் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மனசைத் திறக்கப் போகிறார் என்று அர்த்தம்; ஊருக்கே தெரியும்.

“அன்பான கில்மோரன் மக்களே! இன்று நான் ஒரு பெயரைச் சொல்லப் போகிறேன். இந்த மண்டபத்தில் இதுவரை உச்சரிக்கப்படாத பெயர். செனன் கான்சிடைன்.”

மண்டபம் மூச்சை இழுத்தது. நூலா காகிதத்தைப் பிரித்தாள்.

“அவன் இளைஞன். ஏழை. பால் விற்றுப் பிழைத்தவன். எதிரி அவனுக்கு என்ன ஆசை காட்டினான், எப்படி மிரட்டினான், யார் அறிவார்? நம்மில் யார்தான் பலவீனம் இல்லாதவர்? அவன் சொன்ன ஒரு சொல்லால் இந்த ஊர் இரண்டு மகன்களை இழந்தது. நூறு ஆண்டுகள் நாம் அந்தக் கோபத்தைச் சுமந்தோம். இன்று, அவனுடைய இரத்தம் நம்மோடு மேடையில் அமர்ந்திருக்கும் இந்த நாளில், கேப்டன் மர்ட்டி ஹோனனின் பேரன் என்ற முறையில், கில்மோரன் சார்பாக நான் சொல்கிறேன்…” குரலை இறக்கினார். “செனன், உன்னை நாங்கள் மன்னிக்கிறோம்.”

முதலில் கொரெட்டி எழுந்தாள். பிறகு முன்வரிசை, பிறகு மண்டபம் முழுக்க. கவுன்சிலர் கைக்குட்டையை எடுத்தார். சிலர் நிஜமாகவே அழுதார்கள். மன்னிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று அந்த ஊருக்கு அன்றுவரை யாரும் சொல்லவில்லை. கை தட்டல் ஓயவே இல்லை. செய்யாத ஒன்றுக்காகக் குண்டு வாங்கிச் செத்தவனுக்கு ஊர் கூடி, எழுந்து நின்று, பெருந்தன்மையோடு மன்னிப்பு வழங்கியது. அந்த வீட்டில் மிச்சமிருந்தவள் அதற்கு நன்றி சொல்லவேண்டும். நிகழ்ச்சி நிரலிலும் அடுத்தது அதுதான்.

“போ தங்கம்” என்று கொரெட்டி காதருகே சொன்னாள். “அழுதாலும் பரவாயில்ல.”

நூலா மைக்கின் முன்னால் போய் நின்றாள். காகிதத்தைப் பார்த்தாள். ‘நூறு வருஷம் காத்திருந்த வார்த்தை’. அதை நான்காக மடித்துப் புதுக் கோட்டின் பையில் வைத்துக்கொண்டாள்.

“மாஸ்டருக்கு நன்றி” என்றாள். குரல் உடையவில்லை. “கவுன்சிலருக்கு நன்றி. சாண்ட்விச் செஞ்சவங்களுக்கு நன்றி. மன்னிக்கிறது பெரிய விஷயம். எங்க அப்பாவும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்.”

முன்வரிசையில் தலைகள் இதமாக ஆடின.

“மாஸ்டர் இன்னிக்கு மனசைத் திறந்து பேசினார். அதனால நானும் எங்க வீட்டு சார்பா சொல்லிடறேன். கேப்டன் மர்ட்டி ஹோனன், சண்டைக்கு முதல் நாள் சாயங்காலம், பாலத்தடி பப்புல உட்கார்ந்து என்ன பேசினாரோ, யார்கிட்ட பேசினாரோ, அதையெல்லாம் நாங்களும் அப்பவே மன்னிச்சுட்டோம். என்ன பேசினார்னு நான் இங்க சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு அப்பாவோட உத்தரவு. குடிச்சிருந்தார், பாவம். நம்மில் யார்தான் பலவீனம் இல்லாதவர்? மன்னிச்சாச்சு. நன்றி, வணக்கம்.”

கில்மோரனில் கை தட்டுவது முதலில் நடக்கும், புரிவது பிறகுதான். பாதி மண்டபம் தட்டத் தொடங்கிவிட்டது. நடுவில் ஒவ்வொரு கையாக நின்றது. மாஸ்டர் கண்ணாடியைப் போடுவதா கழற்றுவதா என்று தெரியாமல் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியதைப் பார்த்த பேக்கி மெலிகன் கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினார்.

“வழிமொழியறேன்!”

கூட்ட விதிப்படி அத்தோடு அது நிறைவேறியது.

டீ நேரத்தில் மாஸ்டரைச் சுற்றி எப்போதும் நிற்கும் வட்டம் கொஞ்சம் அகலமாக இருந்தது. நூலாவின் பக்கத்தில் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். “சர்க்கரை எத்தனை நூலா?” “கோட்டு ரொம்ப நல்லா இருக்கு.” அப்புறம் தாழ்ந்த குரலில், “எங்கம்மாவும் ஒரு மாதிரி ஜாடையா சொல்லுவா. அப்பப் புரியல.” இன்னொருத்தி, “தலைவன் மட்டும் ஒரு கீறல் இல்லாம தப்பிச்சான் பாரு, எனக்கு எப்பவுமே அது இடிக்கும்” என்றாள். அவள் காலையில்தான் மண்டபத்துக் கேப்டன் படத்தின் சட்டத்தைத் துடைத்தவள். நூலா எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்: “நான் ஒண்ணும் சொல்லலப்பா.” அவளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

பால் கறக்கும் நேரத்துக்கு வீடு திரும்பினாள். அவளுக்கு முன்னாலேயே செய்தி மாட்டுக்கொட்டகைக்கு வந்துவிட்டிருந்தது. மிக்கோ இயந்திரத்தை நிறுத்தினான்.

“அப்பா உன்கிட்ட அப்படிச் சொன்னாரா?”

“இல்ல.”

“பப்பு, குடி, எதுவுமே?”

“கேப்டன் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கார். செனனைப் புதைக்கிற அன்னிக்கு ஊர்ல ஒருத்தரும் வரலயாம். அந்தாளு மட்டும் வந்து கடைசியில நின்னாராம். தொப்பிய கையில பிடிச்சுக்கிட்டு.”

மிக்கோ பசுவின் முதுகில் கையை ஊன்றினான். “அப்ப நீ செஞ்சது…”

“அவங்க செஞ்சதுதான். அட்டைதான் கொஞ்சம் சின்னது.”

அவன் சிரிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் இயந்திரத்தை மறுபடி ஓட விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் நினைவுக்கல் கொடி போர்த்தி நின்றது. கவுன்சிலருக்கு ஜலதோஷம் என்று தகவல் வந்தது. தியாகிகளின் உறவினர்களுக்கு முன்வரிசையில் நாற்காலிகள். மாஸ்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் காலி. பூசையில் கான்சிடைன் வீட்டாருக்கு விடும் அதே அளவு இடம், அங்குலம் பிசகவில்லை. ஊருக்கு அந்த அளவு கைப்பழக்கம். நூலாவுக்கோ மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

செபமாலை தொடங்கும் முன் மாஸ்டர் எழுந்து அவளிடம் வந்தார். ஒரே நாளில் முகம் தொங்கிப் போயிருந்தது.

“நூலா, ராத்திரி என் கேட்டுல யாரோ பெயிண்டால எழுதியிருக்காங்க. என்ன எழுதியிருக்குன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. என் பேரன் கால்பந்துக்குப் போக மாட்டேங்கறான்.”

“மைதானம் உங்க தாத்தா பேர்லதானே மாஸ்டர்.”

“உங்க அப்பா நிஜமா என்ன சொன்னார்? கெட்டதா இருந்தாலும் சொல்லு. இல்ல, அப்படி எதுவும் இல்லன்னா அதையாவது சொல்லு. ஜனங்க முன்னாடி ஒரே ஒரு வாக்கியம் போதும் நூலா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

ஒரே ஒரு வாக்கியம். அது எவ்வளவு சின்னது, எவ்வளவு சுலபமானது, அதற்காக ஒரு மனிதர் எவ்வளவு குனிய வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவளைவிட யாருக்குத் தெரியும்? தொப்பியைக் கையில் பிடித்தபடி குழியருகே நின்ற ஆளை அவள் நினைத்தாள். சொல்லிவிடலாம் என்றுகூட வாயைத் திறந்தாள்.

அப்போது பின்னால் பேக்கி மெலிகன், செவிடர்களுக்கே உரிய உரத்த குரலில், பக்கத்து ஆளுக்குச் சரித்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரும் கூட்டாளிங்கப்பா! கேப்டன் உளறுவான், பால்காரன் கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஒருத்தன் மாட்டிக்கிட்டான், ஒருத்தன் பென்ஷன் வாங்கினான். எங்கப்பா அன்னிக்கே சொன்னார்!”

“நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்” என்றது இன்னொரு குரல். சுற்றியிருந்த தலைகள் ஆடின.

நூலா திறந்த வாயை மூடினாள். செனன் அதே சதுப்புநிலப் பாதையில், அதே அட்டையோடுதான் கிடந்தான். பக்கத்தில் துணைக்கு ஓர் ஆளைப் படுக்க வைத்ததுதான் அவள் செய்தது. இந்த ஊருக்குக் கூட்டத்தான் தெரியும். கழிக்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த மாஸ்டரும்.

அவள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள்.

“சுவாரசியமா இருக்கு மாஸ்டர். ரொம்ப சுவாரசியமா இருக்கு.” வானத்தைப் பார்த்தாள். “மழை வரும்போல இருக்கே.”

மாஸ்டரும் வானத்தைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலிக்குப் போய், இரண்டு காலி இடங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

கவுன்சிலருக்குப் பதிலாகக் கொரெட்டிதான் கயிற்றை இழுத்தாள். தூறலில் ஈரமான கொடி கல்லில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இன்னொரு தடவை பலமாக இழுத்தாள். கேப்டன் மர்ட்டி ஹோனனின் பெயர், தங்க எழுத்தில், எல்லாப் பெயர்களுக்கும் மேலே பளபளத்தது. பிறகு பழக்கதோஷத்தில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

நூலாவும் தட்டினாள். தட்டாவிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.